வளரும் இதயமும் வளராத வால்வும்

1923 மே 20 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், எலியட் கட்லர் என்னும் அறுவை மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் மெல்லிய கத்தி ஒன்றைச் செலுத்தினார். ருமாட்டிக் காய்ச்சலின் விளைவாக அவளுடைய மிட்ரல் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போயிருந்தன. கண்ணால் காண இயலாத அந்த ஒட்டலைக் கைத்தடவலால் உணர்ந்து அவர் வெட்டினார். சிறுமி பிழைத்து, மேலும் நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தாள். அவளைத் தொடர்ந்து அதே சிகிச்சைக்கு உள்ளானவர்களுள் ஏறக்குறைய எவரும் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில் கட்லர் அம்முயற்சியைக் கைவிட்டார். இதய வால்வு அறுவை மருத்துவத்தின் வரலாறு ஒரு குழந்தையிடம் தொடங்கியது என்பது இன்று அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. அதன்பின் செயற்கை வால்வு என்ற பொருள் உருவானபோது, அது வளர்ந்து முடிந்த உடலை மனத்தில் கொண்டே உருவாயிற்று. குழந்தையின் உடல் கேட்ட கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடையின்றி நின்றது.

இதயத்தின் நான்கு வால்வுகளும் ஒருவழிக் கதவுகள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை திறந்து மூடுபவை. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 4 கோடி முறை. ருமாட்டிக் காய்ச்சல் இவற்றை எவ்வாறு கெடுக்கிறது என்பது விந்தையான செய்தி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி குழந்தையின் தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அக்கிருமியோடு போரிட்டு, பின் ஆள்மாறாட்டத்துக்கு உள்ளானதுபோல் தன் இதயத்தின் இதழ்களையே தாக்கத் தொடங்குகிறது. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டவர்களே பெரும்பாலும் இதற்கு இலக்காகின்றனர். நெரிசலான குடியிருப்பும் வறுமையும் இந்நோயின் விளைநிலங்கள். மேலை நாடுகளில் வீடும் வாழ்வும் சீர்பட்டு, பென்சிலின் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்நோய் அங்கு அருகிவிட்டது. இந்தியாவில் அவ்வாறு நிகழவில்லை.

அதுமட்டுமன்று, இங்கு நோயின் போக்கே வேறாக இருந்தது. லண்டனிலும் பாஸ்டனிலும் எழுதப்பட்ட பாடநூல்களின்படி, காய்ச்சல் வந்து மிட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்க ஓரிரு பத்தாண்டுகள் ஆகும். எனவே அது நடுவயதினரின் நோய். 1963ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் புதுதில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராய், பாட்டியா, லாசரோ, ராமலிங்கசாமி ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையை அசைத்தது. 20 வயதுகூட நிரம்பாதவர்களிடம், காய்ச்சல் வந்து சில ஆண்டுகளுக்குள்ளாகவே, வால்வு ஊசித்துளை அளவுக்குச் சுருங்கிவிடுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். 'இந்தியாவில் இளையோர் மிட்ரல் சுருக்கம்' என்ற பொருள்படும் அத்தலைப்பே ஒரு திருத்தமாக அமைந்தது. ஐரோப்பாவில் பாட்டிமாருக்கு வந்த நோய் இங்கே பள்ளிச் சிறாருக்கு வந்துகொண்டிருந்தது.

அச்சிறாருக்கு அன்று கிடைத்த சிகிச்சையின் தலைசிறந்த களங்களுள் ஒன்று வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நெஞ்சைத் திறந்து, ஆனால் இதயத்தை நிறுத்தாமல், இடது மேலறையின் ஓரத்து மடல் வழியாக விரலைச் செலுத்தி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முறை பெருமளவில் கையாளப்பட்டது. இதய நுரையீரல் இயந்திரம் தேவையில்லை; விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை; விரல்நுனியின் அனுபவமே கருவி. ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் இவ்வாறு தொடர்ச்சியாகச் சிகிச்சை பெற்ற 3724 நோயாளிகளின் நீண்டகால விளைவுகளை 1983ஆம் ஆண்டு 'சர்க்குலேஷன்' இதழில் வெளியிட்டனர். இவ்வெண்ணிக்கையின் பெருக்கத்தை எண்ணி வியக்கலாம். ஒரே மருத்துவமனையின் வாயிலில் அத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்திய நோயை எண்ணிக் கலங்கவும் செய்யலாம். ஆயினும் விரல் எல்லா வால்வுகளுக்கும் பயன்படாது. ஒட்டிய இதழைப் பிரிக்கலாம். சுருண்டு, தடித்து, மூடவே இயலாமல் இரத்தத்தைப் பின்னோக்கிக் கசியவிடும் இதழை விரலால் என்செய்வது? அதற்கு மாற்று வால்வு வேண்டும்.

மாற்று வால்வின் கதை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1952இல் சார்லஸ் ஹஃப்னேகல் வாஷிங்டன் நகரில், நெகிழிக் கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வொன்றை நோயாளியின் கீழிறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். அப்போது இதயத்தைத் திறந்து உரிய இடத்தில் வைக்கும் வழி இல்லை. அவ்வழி பிறந்தபின், ஓய்வுபெற்ற பொறியாளரான லோவெல் எட்வர்ட்ஸ், போர்ட்லண்ட் நகரின் இளம் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரைத் தேடிவந்து செயற்கை இதயம் ஒன்றைச் செய்யலாம் என்றார். முழு இதயத்துக்கு முன் வால்வைச் செய்வோம் என்றார் ஸ்டார். 1960 செப்டம்பரில் அவர்களுடைய பந்து வால்வை மிட்ரல் இடத்தில் பெற்று நெடுநாள் வாழ்ந்தவர் 52 வயது ஆண். கூண்டின் பருமன், பந்தின் எடை, தையல் வளையத்தின் விட்டம் அனைத்தும் அத்தகைய உடலுக்கே அளவெடுக்கப்பட்டன. அதில் குற்றம் காண இடமில்லை. அன்றைய அமெரிக்காவில் வால்வு கெட்டு வந்தவர்களுள் பெரும்பாலோர் அவ்வயதினரே.

குழந்தையின் கணக்கு வேறு. பிறந்த குழந்தையின் பெருந்தமனி வாயில் சுமார் 7 மில்லிமீட்டர் விட்டமே உடையது. வளர்ந்தவரிடம் அது 20 மில்லிமீட்டரைத் தாண்டும். விட்டம் மூன்று மடங்கானால் வாயிலின் பரப்பு ஒன்பது மடங்காகிறது. குழந்தைக்கு அதன் அன்றைய அளவில் வால்வு வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் உடல் வளர்ந்துவிடும். வால்வோ வைத்த அளவிலேயே நிற்கும். வளர்ந்த உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அதே சிறு துளை வழியாகத் தள்ள இதயம் திணறும். நோயால் சுருங்கிய வால்வுக்கு மாற்றாக வைத்த பொருளே மீண்டும் சுருங்கிய வால்வாகிவிடும். எனவே மறுமுறை நெஞ்சைத் திறக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு மூன்றாம் முறையும். முன்னைய அறுவையின் வடுக்கள் இதயத்தை மார்பெலும்போடு ஒட்டவைத்திருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இடர் கூடும்.

விலங்குத் திசுவால் ஆன வால்வு இதற்கு விடையாகும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் எழுந்தது. பாரிஸில் அலைன் கார்பென்டியர் 1960களின் இறுதியில் பன்றியின் வால்வை குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளில் பதப்படுத்தி மனித இதயத்தில் பொருத்தும் வழியைக் கண்டார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஆயுள் முழுவதும் தேவைப்படாது என்பது அதன் பெருஞ்சிறப்பு. முதியோரிடம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது நன்றாக உழைத்தது. குழந்தைகளிடமோ சில ஆண்டுகளிலேயே சுண்ணம் படிந்து கல்லாய் இறுகிற்று. எலும்பை வளர்ப்பதற்காகக் குழந்தையின் உடலில் சுறுசுறுப்பாக ஓடும் கால்சியம், உயிரற்ற அந்தத் திசுவையும் எலும்பாக்கப் புறப்பட்டதுபோல் ஆயிற்று. வளர்ச்சியே அங்கே பகையாகிவிட்டது.

எஞ்சியது உலோக வால்வு. அது தேயாது, சுண்ணம் கட்டாது; ஆனால் அதன்மேல் இரத்தம் உறையும். உறைவைத் தடுக்க வார்ஃபாரின் வேண்டும். கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் வடிந்து செத்ததன் காரணத்தைத் தேடப்போய், விஸ்கான்சின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எலிப்பாடாணமாக விற்பனைக்கு வந்து பின்னரே மனிதருக்கு மருந்தாயிற்று. அளவு குறைந்தால் வால்வு அடைபடும். மிகுந்தால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். வைட்டமின் கே மிகுந்த கீரையை ஒரு வாரம் கூடுதலாக உண்டாலும், வேறொரு மாத்திரையை இடையில் விழுங்கினாலும் கணக்குத் தவறும். ஆகையால் இடைவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்து அளவைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். விழுந்து எழுந்து விளையாடும் எட்டு வயதுப் பையனுக்கு இது என்ன வாழ்வு என்பதை நினைத்துப் பார்க்கலாம். பெண் குழந்தையானால், அவள் வளர்ந்து கருவுறும் நாளில் அதே மருந்து நஞ்சுக்கொடி கடந்து கருவைத் தொடும். பத்து வயதில் எடுத்த முடிவின் விலை இருபத்தைந்தாம் வயதில் கேட்கப்படும். பரிசோதனைக்கூடம் இல்லாத சிற்றூரில், பேருந்துக் கட்டணமே ஒரு நாட்கூலியாகும் குடும்பத்தில், இந்த மருந்து ஒழுங்காகத் தொடரும் என்று எதிர்பார்ப்பது அறுவையரங்கின் உள்ளிருந்து மட்டுமே எளிது.

இந்தப் பின்னணியில்தான் திருவனந்தபுரத்தின் முயற்சியை வைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடையாக அளித்த கட்டடத்தில் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்துக்கு 1974இல் எம். எஸ். வலியத்தான் பொறுப்பேற்றார். அமெரிக்காவில் வின்சென்ட் காட்டிடமும், முதல் நெகிழி வால்வைப் பொருத்திய அதே ஹஃப்னேகலிடமும் பயின்றவர் அவர். திறமையான அறுவை மருத்துவர் இருந்தும், வால்வுக்கு அந்நியச் செலாவணி தேடி நிற்கும் நிலை அவரை உறுத்தியது. இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டு நோயாளிகள் திரும்பிப் போயினர். பூஜப்புரையிலுள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைக்கப்பட்டது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி இந்நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. மருத்துவமனையும் பொறியியல் ஆய்வுக்கூடமும் ஒரே நிருவாகத்தின் கீழ் இயங்கியது அன்றைய இந்தியாவுக்குப் புதுமை. அரண்மனைக் கூடங்களில் கடைசல் எந்திரங்களும், வெளியே சோதனைக்கான செம்மறி ஆடுகளும் இருந்த காட்சி பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும்.

அவர்கள் தேர்ந்தது சாயும் தகடு வகை வால்வு. வட்ட வளையத்துக்குள் ஒரு தகடு. இரத்தம் வரும்போது சாய்ந்து வழிவிடும், திரும்ப முயலும்போது படிந்து அடைக்கும். தகடு கீலில் பிணைக்கப்படாமல் தளர்வாக அமர்ந்திருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது சுழலும். தேய்மானம் ஓரிடத்தில் குவியாது. படத்தில் பார்த்தால் எளிமையான பொருள். பொறியாளர் ஜி. எஸ். புவனேஷ்வரும் உடன் உழைத்தோரும் அதைச் செய்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கும் மேலாயின. முதல் மாதிரியில் தகட்டைத் தாங்கும் கம்பிகள் வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. விரைவுபடுத்திய சோதனையில் பற்றவைத்த இடம் நொறுங்கியது. இரண்டாவதில் டைட்டானியக் கூண்டும் ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட்ட செயற்கை நீலமணித் தகடும் சேர்ந்தன. கடினமான தகடு டைட்டானியத்தை எதிர்பாராத விரைவில் தேய்த்தது. மூன்றாவதில் கூண்டு ஹேய்ன்ஸ் 25 என்னும் கோபால்ட் கலப்புலோகத்துக்கு மாறியது; தேய்மானம் நின்றது. ஆனால் செம்மறி ஆடொன்றின் இதயத்தில் வைத்த சில மாதங்களில் நீலமணித் தகடு உடைந்தது. வெளியில் ஒரு தோல்வி எண்ணாகப் பதியப்படும் நிகழ்வு, அதே வால்வு மனிதரிடம் இருந்திருந்தால் ஒரு மரணம்.

நான்காம் மாதிரியில் அவர்கள் நீலமணியை விட்டுவிட்டு, மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் தகட்டை எடுத்தனர். செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏற்கெனவே பழகிய பொருள் அது. இதயத்தில் நெகிழியா என்ற ஐயம் அப்போது இருந்தது. மேலைநாட்டு வால்வுகள் பைரோலிட்டிக் கரியத்துக்கு மாறிவிட்ட காலம். ஆனால் தகடு நீடித்தது, கூண்டைத் தேய்க்கவில்லை, உலோகத்தில் மோதும் ஓசையும் மெலிந்தது. அமைதியான அறையில் தன் நெஞ்சின் 'டிக்' ஒலியைக் கேட்டுக் கண்விழித்திருக்கும் நோயாளிக்கு இந்தக் கடைசிச் செய்தி சிறியதன்று. கூண்டு முழுவதும் ஒரே உலோகத் துண்டிலிருந்து கடையப்பட்டது; பற்றவைப்பே இல்லை. இதன் பொருளை உணர, அதே காலத்தில் வெளிநாட்டில் நிகழ்ந்ததை நினைக்க வேண்டும். 1979க்கும் 1986க்கும் இடையில் உலகெங்கும் ஏறக்குறைய 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பியார்க் ஷைலி குவிகுழி வால்வு, பற்றவைத்த கம்பி முறிந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தபின் திரும்பப் பெறப்பட்டது. திருவனந்தபுரத்தில் அந்தக் குறை ஆய்வு மேசையிலேயே அகப்பட்டது.

1990 டிசம்பர் 6 அன்று சித்ரா வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தொடர்ந்து ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் ஆய்வு நடந்தது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. விலை இறக்குமதி வால்வைவிடக் கணிசமாகக் குறைவு. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் இதை இந்தியத் தற்சார்பின் சின்னமாகப் போற்றின. போற்றத் தக்கதே. எனினும் வரலாற்றைப் படிப்பவர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். சித்ரா வால்வு விலையின் கேள்விக்கும் நீடிப்பின் கேள்விக்கும் விடை சொன்னது. வளர்ச்சியின் கேள்வியை அது தொடவில்லை. தொடவும் அன்று வழியில்லை. ருமாட்டிக் நோயால் கசியும் வால்வில் வாயில் விரிந்திருப்பதால், பன்னிரண்டு பதின்மூன்று வயதினருக்கு வளர்ந்தோர் அளவு வால்வையே பல வேளைகளில் பொருத்திவிட முடிகிறது. அவ்வகையில் பதின்பருவத்தினர் ஓரளவு தப்பினர். வார்ஃபாரின் மட்டும் எவரையும் தப்பவிடவில்லை.

வளரும் வால்வு என்ற ஒன்று இல்லாமலில்லை. லண்டனில் டொனால்ட் ராஸ் 1967இல் ஒரு துணிச்சலான மாற்றத்தைச் செய்தார். நோயாளியின் கெட்ட பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டு, அவருடைய நுரையீரல் தமனியின் நல்ல வால்வைப் பெயர்த்து அங்கே வைத்தார். நுரையீரல் பக்கத்தில் இறந்தவரிடமிருந்து பெற்ற வால்வைப் பொருத்தினார். சொந்தத் திசு ஆதலால் அது உயிரோடிருந்தது, குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தது, வார்ஃபாரின் வேண்டியதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஏ. சம்பத் குமார் குழுவினர் ருமாட்டிக் நோயுள்ள இளையோரிடம் இதை முயன்றனர். இவர்களிடம் இதைச் செய்யலாமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி அவர்கள் 1999இல் வெளியிட்ட கட்டுரை, செய்யலாகாது என்ற பக்கமே சாய்ந்தது. இடம் மாறிய வால்வையும் ருமாட்டிக் நோய் தாக்கியிருந்தது. பிறவிக் கோளாறுள்ள லண்டன் குழந்தைக்குக் கிடைத்த வளரும் வால்வு, தில்லிச் சிறுவனுக்குப் பொருந்தாமற்போனது. நோய் இன்னும் உடலுக்குள் இருந்ததே காரணம்.

வளரும் வால்வை ஆய்வுக்கூடத்தில் செய்துவிடலாம் என்ற அவசரம் ஒருமுறை பெருந்துயரில் முடிந்தது. பன்றி வால்விலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சிய சட்டகத்தை மட்டும் வைத்தால், குழந்தையின் சொந்த உயிரணுக்கள் அதில் குடியேறி அதை உயிருள்ள வால்வாக்கிவிடும் என்பது கருத்து. 2001இல் வியன்னாவில் இரண்டரை முதல் 11 வயது வரையிலான நான்கு சிறுவருக்கு இது பொருத்தப்பட்டது. ஓராண்டுக்குள் மூவர் இறந்தனர். நான்காமவரிடமிருந்து வால்வு முன்கூட்டியே அகற்றப்பட்டது. எடுத்துப் பார்த்தபோது உயிரணுக்கள் குடியேறியிருக்கவில்லை; கடும் அழற்சியே இருந்தது. மறைக்காமல் 2003இல் அவற்றை வெளியிட்ட மருத்துவர்களின் நேர்மை குறிப்பிடத்தக்கது. அக்கட்டுரைக்குப் பின் இத்துறை பல ஆண்டுகள் தயங்கித் தயங்கியே நடந்தது.

பின்வந்த முன்னேற்றங்கள் வியப்பூட்டுபவை. 2000ஆம் ஆண்டிலேயே பாரிஸில் பிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரையில் உள்ள வால்வை விரியும் உலோகச் சல்லடைக்குள் தைத்து, நெஞ்சைத் திறக்காமல் காலின் இரத்தக்குழாய் வழியாகப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் நுரையீரல் தமனி வழியில் கொண்டுசேர்த்தார். 2020இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சோஃபி ஹோஃபர்பெர்த், பெட்ரோ டெல் நிடோ ஆகியோர் மனிதக் கால்சிரை வால்வின் வடிவத்தைக் கண்டு தெளிந்தனர். சிரை விரிந்தாலும் சுருங்கினாலும் அதன் இரண்டு இதழ்களும் பொருந்தி மூடுகின்றன. அவ்வடிவில் செய்த வால்வைக் குழந்தை வளர வளர பலூனால் விரித்துக்கொள்ளலாம் என்று ஆட்டுக்குட்டிகளில் காட்டினர். அடுத்த ஆண்டு மினசோட்டாவில் ராபர்ட் டிரான்கிலோ குழுவினர் உண்மையாகவே வளரும் பொருளைக் காட்டினர். ஆட்டின் தோல் உயிரணுக்களை ஃபைப்ரின் கூழில் வளர்த்துக் குழாயாக்கி, உயிரணுக்களை நீக்கி, மூன்று குழாய்களைச் சேர்த்துத் தைத்து வால்வாக்கினர். அது ஆட்டுக்குட்டியின் உடலில் ஓராண்டில் 19 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டராயிற்று. மறுஆண்டு டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு, வேறொரு குழந்தையின் கொடையிதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகள் மட்டும் மாற்றப்பட்டன. அவை குழந்தையோடு வளர்ந்தன.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். டியூக் சிகிச்சை நீங்கலாக மற்றவை யாவும் இதயத்தின் வலப்பக்கத்துக்கானவை. நுரையீரல் தமனியில் அழுத்தம் குறைவு. வால்வு சற்றுத் தவறினாலும் உடல் பொறுக்கும். புதியதைச் சோதிக்க அதுவே பாதுகாப்பான இடம். பணக்கார நாடுகளின் குழந்தைகளுக்கு வால்வு தேவைப்படுவதும் பெரும்பாலும் பிறவிக் கோளாற்றால், பெரும்பாலும் அப்பக்கத்தில். ருமாட்டிக் நோயோ இடப்பக்கத்தைத் தாக்குகிறது. மிட்ரல், பெருந்தமனி வால்வுகள் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை. டியூக் வழி இடப்பக்கத்துக்கும் பொருந்தும்; ஆனால் அதற்கு இன்னொரு குழந்தை இறந்திருக்க வேண்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தொடர வேண்டும். இடப்பக்கத்துக்கென வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, 2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற 15 மில்லிமீட்டர் உலோக வால்வு. செயின்ட் ஜூட் வகை இரட்டைத்தகட்டு வால்வு முதன்முதலாக 1977இல் பொருத்தப்பட்டது. கைக்குழந்தைக்குரிய அளவு ஒப்புதலுடன் வர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவும் வளராது. வால்வு வேண்டிய குழந்தைகள் பணக்கார நாட்டில் எண்ணிக்கையில் சிலர். ஏழை நாட்டில் பலர், ஆனால் வாங்க இயலாதவர். இரு வகையிலும் உற்பத்தியாளருக்குக் கணக்கு உதைக்கிறது. சித்ரா வால்வைப்போல் அரசின் செலவில், நோயாளியின் அருகிலேயே அமைந்த ஆய்வுக்கூடத்தில்தான் இடப்பக்கத்துக்கான வளரும் வால்வு பிறக்க முடியும் என்று தோன்றுகிறது.

அதுவரை இந்திய மருத்துவர்கள் செய்துவந்தது, கெட்ட வால்வை மாற்றுவதைக் கூடியவரை தள்ளிப்போடுவது. குழந்தையோடு வளரக்கூடிய வால்வு அதன் பிறவி வால்வு ஒன்றே. கிழிந்து கோணியதாயினும் அதைத் தைத்துச் செப்பனிட்டுக் காப்பது சிறந்தது. ருமாட்டிக் இதழ்களைச் செப்பனிடுவது கடினம். சில ஆண்டுகளில் மீண்டும் கெடுவதும் உண்டு. அந்தச் சில ஆண்டுகளில் சிறுமி பூப்பெய்தியிருப்பாள், உயரம் கூடியிருக்கும், பள்ளி முடிந்திருக்கும். சுருங்கிய வால்வுக்கு விரலின் வாரிசாக பலூன் வந்தது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கிய முறை அது. 1985இல் பாஸ்டனின் ஜேம்ஸ் லாக், தில்லியின் கலீலுல்லா, ஸ்ரீவாஸ்தவா, பால் ஆகியோருடன் சேர்ந்து 9 முதல் 23 வயது வரையிலான எட்டுப் பேருக்குக் குழாய்வழி பலூனால் வால்வைத் திறந்த செய்தியை வெளியிட்டார். பாஸ்டனில் கட்லர் 1923இல் தொட்ட அதே நோய்க்கு, அதே வயதுக் குழந்தைகளைத் தேடி பாஸ்டன் மருத்துவர் இந்திய மருத்துவர்களோடு கைகோக்க வேண்டியிருந்தது. தன் ஊரில் அத்தகைய குழந்தைகள் அப்போது அரிதாகிவிட்டனர்.

அரிதாக்கியவற்றுள் மருத்துவத்தின் பங்கு பென்சிலினுடையது. தொண்டைப்புண்ணுக்கு உரிய நேரத்தில் கொடுத்தால் காய்ச்சலே வருவதில்லை. ஒருமுறை காய்ச்சல் வந்துவிட்ட குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சாத்தீன் பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில். மிக மலிவான மருந்து. குத்தினால் நன்றாக வலிக்கும். அந்த வலிக்கு அஞ்சியே நின்றுபோகும் குழந்தைகள் உண்டு. ஆதாயம் குறைவானதால் செய்வோரும் குறைந்து, பல நாடுகளில் இம்மருந்து அவ்வப்போது தட்டுப்படுகிறது. 2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோய்குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2021இல் உகாண்டாவிலிருந்து வந்த ஆய்வில், அறிகுறி எதுவும் வெளிப்படாமல் வால்வில் தொடக்கநிலைக் கோளாறு மட்டும் கண்டறியப்பட்ட 818 குழந்தைகள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி, மறுபாதிக்கு இல்லை. இரண்டாண்டுக்குப் பின் எதிரொலிப் படத்தில், ஊசி பெறாதவர்களில் 33 பேருக்கு வால்வு மேலும் கெட்டிருந்தது. ஊசி பெற்றவர்களில் மூவருக்கு.